சத்தமாகச் சொல்ல வேண்டிய சோதனை

முதல் தடவை ஒரெஸ்ட் லைசென்ஸ் சோதனையில் தோற்றது வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை, வாயைத் திறக்காமல். டிரெய்லரை இழுக்கிறவன் கிளம்புமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பார்ப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனுஷன் குனிந்தான், தட்டினான், இழுத்துப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சோதிக்க வந்தவர் அவன் மனசுக்குள் எட்டிப் பார்க்கவா முடியும்? ஃபெயில் போட்டுவிட்டார்.

கனடாவில், பிரின்ஸ் ஜார்ஜ் ஊரிலிருந்த வீட்டை விற்றாயிற்று. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டால் படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த டிரெய்லர்தான் வீடு. பனி கொட்டுமுன் அதை இழுத்துக்கொண்டு தெற்கே ஒசோயூஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவு கனத்துக்குச் சாதாரண லைசென்ஸ் செல்லாது. மறுபடியும் கோட்டை விட்டால் நடுத்தெருதான்.

அவன் மனைவி வெர்னா வாரம் முழுக்க வாசலில் வண்டியோடு நிறுத்திப் பழக்கினாள்.

"டிரெய்லரைப் பிடிச்சிருக்கிற சங்கிலியைப் பாத்தியா?"

"ம்."

"ம்முக்கெல்லாம் மார்க் போடமாட்டாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சங்கிலி... ரெண்டும் மாட்டியிருக்கு."

"அப்படி வா வழிக்கு."

சூப் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் அவள் அந்தத் தலையாட்டலோடுதான் குப்பை கொட்டினாள்.

சோதனை நாளில் வெர்னா அலுவலக ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். இந்த முறை சோதிக்க வந்தவள் கிர்ஸ்டன் என்ற இளம்பெண். ஒரெஸ்ட் சக்கரத்தைக் காட்டினான், விளக்கைக் காட்டினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். வெர்னாவுக்கு முதலில் உயிர் வந்தது. பிறகு வயிறு எரிந்தது. தனக்கு வாய்க்காதது யாரோ ஒருத்திக்கு அரை மணியில் வாய்த்துவிட்டதே.

ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டித் திரும்பியதும் கிர்ஸ்டன் உள்ளே வந்தாள்.

"பாஸ் பண்ணிட்டாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுக்கு மார்க் போட என்கிட்ட இடமே இல்ல."

"அப்படி என்ன சொன்னாரு?"

"'பக்கத்து சீட்டுக் கதவு. என் பொண்டாட்டி கோட்டு நுனி வெளிய மாட்டியிருக்கான்னு பாக்கணும். அவ கவனிக்கமாட்டா, நான்தான் எடுத்து உள்ள விட்டுச் சாத்துவேன்'னாரு. அங்க யாருமே இல்லையேன்னு கேட்டேன். 'இன்னைக்கு இல்ல'ன்னுட்டு அடுத்த சக்கரத்துக்குப் போயிட்டாரு."

அந்தக் கதவு சரியாக மூடாது, அதனால்தான் திறந்து திறந்து மூடுகிறான் என்று வெர்னா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எழுந்து வெளியே போனாள்.

"ஏம்ப்பா, ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

ஒரெஸ்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். "உன்கிட்டயும் சத்தமா சொல்லணும்னு தெரியாம போச்சு."

அவள் வண்டியில் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவன் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து நின்றான்.

"கோட்டு," என்றான். "உள்ள இருக்கு."

கதவைச் சாத்தினான்.