இணைப்பு ஆ

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஒப்பந்தம் முழுவதையும் படித்துவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான் படித்தது பதினான்கு பக்கம். ஒன்பதாம் பிரிவில் ‘இணைப்பு ஆ-வில் கண்டபடி’ என்று ஒரு வரி வருகிறது. இணைப்பு அ இருந்தது. இணைப்பு ஆ இல்லை. இல்லாததைக் கவனிக்காமல் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் சரிக்குறி வேறு போட்டிருக்கிறேன். குறிப்பிடப்பட்ட எல்லாத் தாளும் கையில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் படிக்கவே தொடங்க வேண்டும் என்பது மாலை வகுப்பில் முதல் வாரப் பாடம். தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

எங்கள் கிளினிக்கில் பில் போடுவது, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்புவது, அவர்கள் திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்புவது எல்லாம் கீழ்த்தளக் கவுன்ட்டரில் நடக்கிறது. ஏழு மாதமாக அந்தக் கவுன்ட்டரில் நான் இருக்கிறேன். இனி இந்த வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்திருக்கிறார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. “நீதான் சாயங்காலம் சட்டம் படிக்கிறியே, ஒருவாட்டி பாத்துச் சொல்லும்மா” என்று ஒப்பந்தத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வக்கீல் என்றால் ஃபீஸ் கேட்பார். நான் கேட்கமாட்டேன்.

அந்த நிறுவனத்தின் முதலாளி மூன்று வருடத்துக்கு முன் இதே கிளினிக்கின் மானேஜராக இருந்தவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பவ்யம். டாக்டரம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பாதி குனிந்தபடிதான் நிற்பார். அவர் இங்கே இருந்தபோது, சாதாரணப் பரிசோதனைகளை நீண்ட சிகிச்சை என்று மாற்றி நாற்பத்தொரு பில்கள் போயிருந்தன. காப்பீட்டு நிறுவனம் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்பியது. நாற்பத்தொன்றிலும் இருந்தது அன்று கவுன்ட்டரில் இருந்த என் அக்காவின் பெயர். பவ்யம் தலையைக் குனிந்துகொண்டு, “சின்னப் பொண்ணும்மா, தெரியாம செஞ்சிருக்கும், மன்னிச்சுடுங்க” என்றாராம். செய்யாததற்கு அவர் கேட்ட மன்னிப்பே அவள் செய்ததற்குச் சாட்சியாகிவிட்டது. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தவறு என்னுடையது என்று எழுதித் தரச் சொன்னார். கிளினிக்கை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் அக்கா எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடவில்லை. இப்போது பார்சல் கம்பெனியில் முகவரிச் சீட்டு ஒட்டுகிறாள்.

நான் இங்கே சேர்ந்தது அந்தக் கடிதம் எந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்க்கத்தான். அக்காவுக்கும் எனக்கும் முகஜாடை ஒத்துப்போகாது என்பதால் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. சேர்ந்த அன்று அக்கா, “அந்த வாசலை எப்படிடி மிதிச்சே?” என்று கேட்டவள்தான், ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. கடிதத்தை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டேன். பார்த்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பவ்யம் அதற்கு முன்பே சொந்தமாக நிறுவனம் தொடங்கிப் போய்விட்டிருந்தார். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் கத்தியோடு நிற்பவள் மாதிரி இருந்தேன். இப்போது அவரே ஒப்பந்தத்தோடு படியேறி வருகிறார்.

இன்று காலை போன் செய்து இணைப்பு ஆ எங்கே என்று கேட்டேன். நாலு மணிக்கு அவரே இரண்டு தாள்களோடு வந்து நின்றார்.

“சின்ன வக்கீலம்மா, ரெண்டு தாளுக்காக என்னை ஓட ஓட வெச்சுட்டீங்களே. பிரின்ட் எடுக்கும்போது விட்டுப்போச்சும்மா, வேற ஒண்ணுமில்ல.”

“அவ அப்படித்தான்” என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே. “ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஆளை நிறுத்தி வெச்சுக் கேப்பா.”

“கேக்கட்டும்மா, நல்லாக் கேக்கட்டும். முன்னாடி இங்க ஒண்ணு இருந்துச்சே, வாயே திறக்காது. கடைசியில நம்மளை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சு பாத்தீங்கல்ல?”

டாக்டரம்மா “ம்” என்றார். நான் அந்த இரண்டு தாள்களை ஸ்டேப்பிள் செய்துகொண்டிருந்தேன். பவ்யம் போன பிறகு பார்த்தால் ஒரே மூலையில் ஐந்து பின் அடித்திருக்கிறேன்.

இணைப்பு ஆ சொல்வது இது. ஐந்து வருடப் பழைய பதிவுகள் அனைத்தும் நிறுவனத்துக்குப் போகும். முப்பது நாளில் கிளினிக்கின் பழைய மென்பொருள் அழிக்கப்படும். பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது. அடைப்புக்குறிக்குள், ‘திருத்த வரலாறு உட்பட’. ஒரு பில்லை யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து மாற்றினார்கள் என்பதுதான் திருத்த வரலாறு. இனிமேல் பில் போடப்போகிறவருக்குப் பழைய பில்கள் வேண்டும், சரி. மூன்று வருடத்துக்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு எதற்கு? அதை ஏன் இவ்வளவு ஞாபகமாக எழுத வேண்டும்? ஒருவேளை எல்லா ஒப்பந்தங்களிலும் அப்படித்தான் எழுதுவார்களோ என்னவோ. எனக்குத் தெரிந்தது ஒன்றரை வருடச் சட்டம்.

வகுப்பில் இன்று ஒரு வரியும் குறிப்பு எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

கவுன்ட்டர் திறக்க ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா மட்டும் இருந்தார். “என்ன பாப்பா, சம்பளத்தை ஏத்திட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு என் காலடியில் துடைப்பத்தை விட்டார். காலைத் தூக்கிக்கொண்டே நாற்பத்தொரு பில்களின் திருத்த வரலாற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

நோட்டீஸில் இருந்தவை நோயாளிகள் வந்த தேதிகள். அவை ஆறு வாரங்களில் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆறு வாரமாக நடந்த தவறு என்று நினைத்துக்கொண்டார்கள். மாற்றிய நேரத்தை யாரும் பார்க்கவில்லை. ஏழு மாதமாகக் கையில் சாவியை வைத்திருந்த நானும் பார்க்கவில்லை. இதைச் சிறிய தவறு என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாற்பத்தொன்றும் ஒரே நாளில், ஒரே காலையில், 11.05-க்குத் தொடங்கி 11.52-க்குள் மாற்றப்பட்டிருந்தன. பெயர் அக்காவுடையது. கணினி எண் மூன்று.

ஒன்றும் இரண்டும் கவுன்ட்டரில் இருப்பவை. மூன்று மானேஜர் அறையில் இருப்பது. பெயரில் வியப்பு இல்லை. ஆளுக்கொரு கணக்குத் திறந்தால் மென்பொருளுக்குக் கட்டணம் கூடும் என்று இங்கே அன்றும் இன்றும் ஒரே கணக்குதான். அன்று அது அக்கா பெயரில் இருந்தது. காலையில் அவள் திறந்து வைப்பாள், நாள் முழுக்க யார் எந்தக் கணினியில் என்ன செய்தாலும் அவள் பெயரில் விழும். இப்போது என் பெயரில் விழுகிறது.

நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன், உடனே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மானேஜர் அறைக்குப் போய் மாற்றினாள் என்று பவ்யம் சொன்னால்? கையைக் கட்டிக்கொண்டு சொன்னால் டாக்டரம்மா நம்புவார். அந்த நேரத்தில் அவள் வேறெங்கோ இருந்தாள் என்பதற்கு ஏதாவது வேண்டும். நம்பிக்கை இல்லாமல்தான் அன்றைய நோயாளிகள் பட்டியலைத் திறந்தேன்.

பதினேழாவது நோயாளி அக்கா.

காய்ச்சல், நீர் வற்றிய நிலை. மாடி அறையில் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கியது 10.40, கழற்றியது 12.35. மாடி அறையில் கணினி கிடையாது, ஒரு கட்டிலும் வாளியும்தான் உண்டு. பழைய ஃபைலிலிருந்து மாடி அறைத் தாளையும் தேடி எடுத்தேன். அதன் அடியில் ஊசி குத்தியவரின் கையெழுத்து இருந்தது. நர்ஸுடையது அல்ல, டாக்டரம்மாவுடையது. தன் கையால் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி குத்தியவர், இரண்டு மாதம் கழித்து அவளிடம் வெள்ளைத் தாளை நீட்டியிருக்கிறார்.

முதல் நோயாளி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை எனக்கு டாக்டரம்மா மீதுதான் கோபம் இருந்தது. ஒப்பந்தம் சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்துப் போடுவார். முப்பது நாளில் தன் சொந்த நோயாளிகளின் பதிவைத் தானே பார்க்க பவ்யத்திடம் கேட்டு நிற்பார். மூன்று வருடத்துக்கு விலக முடியாது, அது ஆறாம் பிரிவு. அந்தக் காட்சியை மதியம்வரை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் பதினேழாவது நோயாளியும் பவ்யத்திடம் போய்விடுவாள்.

மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மா கவுன்ட்டருக்கு வந்தார். “எல்லாம் சரிதானேம்மா? நாளைக்குப் போட்டுடலாமில்ல?”

“ஒரு தாள் பாக்கி இருக்கு மேடம். நாளைக்கு எடுத்துட்டு வந்துடறேன்.”

“சரி, கிளம்பு கிளம்பு. கிளாஸுக்கு லேட்டாகப் போகுது” என்று என் கைப்பையை அவரே எடுத்துக் கொடுத்தார். அதை அவர் செய்யாமல் இருந்திருக்கலாம்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய பதிவை யாருக்கும் காட்டக் கூடாது. அதனால் வகுப்புக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். அக்கா அப்போதுதான் வந்து, விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

“நாப்பத்திமூணு கிலோதான் இருந்தேனாடி அப்போ?” என்றாள் முதலில். பிறகு கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். “அவங்கதான் குத்தினாங்க. ரெண்டு வாட்டி நரம்பு கிடைக்கல. சாரிம்மான்னாங்க. அதுக்குக் கேட்டாங்க, சாரி.”

“இந்தச் சம்மதத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கா. நாளைக்கு அவர் வர்றதுக்குள்ள டாக்டரம்மாகிட்ட காட்டிடறேன்.”

“எதுக்கு? அவங்களைக் காப்பாத்தவா?”

“உன்னைக் காப்பாத்தத்தான்.”

“மூணு வருஷம் கழிச்சா? வக்கீலம்மா ரொம்ப ஃபாஸ்ட்டு.” அவள் சிரிக்கவில்லை. “நீ தனியாப் போய் அவங்க காதுல ஓதினா என்ன ஆகும் தெரியுமா? உடனே அவனுக்குப் போன் போடுவாங்க. அவன் ஓடி வந்து கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். ஒரு மன்னிப்பு கேப்பான். அவங்க ஒரு சாரி சொல்லுவாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடும். எனக்கு நல்லபடியா முடியக் கூடாது.”

“அப்ப என்ன பண்ணணும்?”

“கையெழுத்துப் போட எல்லாரும் உக்காந்த அப்புறம் குடு. அவன் கையில குடு. அவனே சத்தமா வாசிக்கணும். தேதி, நேரம், கம்ப்யூட்டர் நம்பர், அப்புறம் என் பேரு, நான் படுத்திருந்த நேரம். ஒவ்வொண்ணா. நான் எதிர்ல உக்காந்து கேக்கணும்.”

“நீ வர்றியா?”

“அரை நாள் லீவு போதும். பெரியப்பாவுக்கு ஆபரேஷன்னு சொல்லிக்கறேன்.”

“நமக்குத்தான் பெரியப்பாவே கிடையாதேக்கா.”

“அதனாலதான் சொல்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அழுத்தவில்லை, பார்சலுக்குப் போடுவதுபோல வேகமாகப் போட்டாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

இதை எழுதும்போது யோசிக்கிறேன். நியாயம் மட்டும் போதுமென்றால் மாலை ஐந்து மணிக்கே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எல்லாத் தாளும் என் பையில்தான் இருந்தது. அக்கா சொல்வதற்கு முன்பே ‘நாளைக்கு’ என்று சொன்னவள் நான். நாங்கள் கேட்பது வேறு ஏதோ ஒன்று என்று தெரிகிறது. அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. பவ்யம் வாசிக்க மறுத்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்ப்பார். அக்காவைப் பார்ப்பார். ஏழு மாதமாக யார் தன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தது என்று அப்போது அவருக்குப் புரியும். வேலை போகலாம். போகட்டும் என்று எழுதிவிட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: எட்டரைக்குள் போய்ப் பழைய பதிவுகளைத் தனியாக ஒரு பிரதி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். திருத்த வரலாறு, மாடி அறைத் தாள், சம்மதத் தாள், மூன்றையும் மூன்று பிரதி எடுக்க வேண்டும். பவ்யத்துக்கான பிரதியில் மட்டும் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாதபடி. டாக்டரம்மா அறையில் பார்வையாளர் நாற்காலி இரண்டுதான் இருக்கிறது. காத்திருப்போர் வரிசையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், பத்து மணிக்கு முன், பவ்யம் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே போட வேண்டும்.