இரண்டு பூசணி டப்பாக்கள்

மதியம் இரண்டு மணிக்கு வீட்டு நாய் டிங்கர் பின்வராந்தாவுக்கு வந்தது. முன்னங்கால்கள் இரண்டும் நடக்க, பின்பாதி உடம்பு ஈரப் பலகையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோவீனா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கிளெம்! சீக்கிரம் வா! டிங்கருக்குக் கால் வரல!"

கொட்டகையில் கொட்டை உரிக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் மழையில் நனைந்தபடி ஓடிவந்தான். நாயைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"உண்ணி" என்றான்.

அந்த வட்டாரத்து மெக்கடேமியாக் கொட்டைத் தோட்டங்களில் இந்தச் சொல்லுக்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். முடக்கு உண்ணி கடித்தால் நாய்க்கு முதலில் பின்னங்கால் போகும். அடுத்து குரல் கம்மும். கடைசியில் மூச்சு நிற்கும். அதற்குள் விஷமுறிவு ஊசி போட்டால்தான் பிழைப்பு. இரண்டு வருஷம் முன்பு அவர்களுடைய பெஸ் என்ற நாய்க்கு இப்படி ஆனபோது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளெம் சொல்லிவிட்டான். காலையில் அவனே எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டினான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வான்.

இருவரும் மண்டியிட்டு நாயின் உடம்பெல்லாம் விரலால் துழாவினார்கள்.

"காதுக்குள்ள பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தாச்சு."

"விரல் இடுக்கு?"

"பாத்தேன் கிளெம். உதட்டுக்கு அடியிலகூடப் பாத்தேன்."

"அப்ப எங்கதான் ஒளிஞ்சிருக்கு சனியன்?"

கழுத்து ரோமத்தை மழித்தே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டிங்கர் நடுங்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மரத்தடி எலிகளுக்கு எமனாக இருந்த நாய், தான் என்ன குற்றம் செய்தோம் என்று கேட்பது மாதிரி பார்த்தது.

கால்நடை மருத்துவமனை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போனில் டாக்டரம்மா, "பின்னங்கால் போயிடுச்சுன்னா தாமதிக்காதீங்க. ஆனா உங்க தரைப்பாலத்துல தண்ணி..." என்று சொல்லும்போதே கிளெம் போனை வைத்துவிட்டுச் சாவியைத் தேடினான்.

"காலையிலேயே பாலத்து அளவுக் கம்பத்துல அரை மீட்டர் காட்டுச்சு" என்றாள் ரோவீனா. "இப்ப எவ்வளவோ! போன மழையில பக்கத்துத் தோட்டத்து நார்ம் இப்படித்தான் வண்டிய இறக்கினான்."

"நார்மோட வண்டி சின்னது."

"நார்ம் பெரிய ஆளு. அவனையே அடிச்சிட்டுப் போச்சே!"

"இன்னொரு நாய நான் பொறுத்திருந்து சாகடிக்க மாட்டேன், ரோ. போர்வை எடுத்துட்டு வா."

 அவள் போர்வை எடுக்கப் பின்னறைக்கு ஓடினாள். அங்கேதான் டிங்கரின் சாப்பாட்டுத் தட்டு கிடந்தது.

இந்தத் தட்டைப் பற்றி வீட்டில் எட்டு வாரமாக வாய்ச்சண்டை. டிங்கருக்கு ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மூட்டையில் வரும் உலர் தீனியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ரோவீனா அந்த உலர் தீனியின் மேல் துருவிய கேரட், அவித்த முட்டை, கொஞ்சம் கோழி, மசித்த பூசணி என்று தினமும் ஏதாவது போட ஆரம்பித்தாள். நாய் தட்டையே நக்கித் தேய்த்தது. ரோமம் பளபளவென்று வந்தது. கிளெமுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "இது நாயா, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?" என்பான். "மூட்டை மேல என்ன இருக்குன்னு எழுதியிருக்கான். நீ போடுறதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

தட்டின் ஓரத்தில் காலை உணவில் ஒரு துளி ஒட்டியிருந்தது. ஆரஞ்சு நிறப் பூசணி. நடுவில் ஒரு வெள்ளைத் துணுக்கு.

கோழியாக இருக்கும் என்றுதான் விரலால் தொட்டாள். வழவழவென்று இருந்தது. வாயில் வைத்தாள். இருபது வருஷம் மெக்கடேமியா விளைவிக்கும் வீட்டில் வாழ்ந்தவளுக்கு இரண்டாம் முறை ருசிக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டை.

ஐஸ்பெட்டியைத் திறந்தாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் இரண்டில் பூசணி மசித்து வைத்திருந்தாள். ஒன்று டிங்கருக்கு. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கும் பூசணிப் பலகாரத்துக்கு. அதில் ஒரு கிலோ பூசணிக்கு அரைக் கிலோ இடித்த மெக்கடேமியாக் கொட்டை. எழுதி ஒட்டிய பட்டைகள் இரண்டும் ஈரத்தில் உரிந்து அடியில் கிடந்தன. பலகாரத்து டப்பாவில் கரண்டி போன பள்ளம் இருந்தது; டிங்கரின் டப்பா மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

மெக்கடேமியா தின்ற நாய்க்கும் பின்னங்கால்தான் விழும். ஆனால் அது ஓரிரு நாளில் எழுந்துவிடும். இதுவும் அந்த வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உடனே கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. கொட்டைதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? உண்ணியும் இருந்தால்? அவள் பேச்சைக் கேட்டு அவன் தங்கி, நாய் செத்தால்? இப்படியெல்லாம் நியாயங்கள் வந்தன. அவற்றுக்கு அடியில் ஓர் அற்பப் பயமும் இருந்தது: கிளெம் என்ன சொல்வான் என்ற பயம். வெளியே வண்டி உறுமியது. நாயைத் தன் சட்டையில் சுற்றித் தூக்கிப்போட்டுக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். தண்ணீரைப் பார்த்தால் தானே திரும்பிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு அவள் ஐஸ்பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. வண்டிச் சத்தம் சரிவில் இறங்கியது. பத்து மூச்சு வரை நின்றாள்.

பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சரிவின் அடியில் இருந்த தோட்டக் கேட்டின் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருந்தது. கிளெம் இறங்கி அதோடு போராடிக்கொண்டிருந்தான். சங்கிலி கழன்ற நேரம் அவள் போய் வண்டிக்கு முன்னால் விழாத குறையாக நின்றாள்.

"உண்ணி இல்ல! கொட்டை! நான்தான் போட்டேன். டப்பா மாறிடுச்சு."

கிளெம் அவளை உற்றுப் பார்த்தான். "பொய் சொல்றே."

"சத்தியமா!"

"நான் தண்ணில இறங்கக் கூடாதுன்னு சொல்றே. நார்ம நினைச்சுப் பயந்து சொல்றே. தள்ளு."

உண்மையைச் சொன்ன நேரத்தில் நம்ப மறுக்கிறானே என்று அவளுக்கு அழுகை முட்டியது. தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மழை அதைக் கழுவிக்கொண்டிருந்தது.

"நக்கிப் பாரு! தண்ணி பூரா கரைச்சிடும், நக்குடா!"

நாய்க்குப் பச்சைக் காய்கறி போடுவதைக் கேலி செய்த மனிதன், கொட்டும் மழையில், நாய்த்தட்டின் ஓரத்தை நக்கினான். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எவ்வளவு போட்டே?"

"ரெண்டு கரண்டி."

"அடிப்பாவி" என்றான். ஆனால் வண்டியை அணைத்தான்.

இரண்டாம் முறை போன் செய்தபோது டாக்டரம்மாவால் முழுவதும் சொல்ல முடிந்தது. கொட்டை என்றால் தானாகத் தேறும், தண்ணீர் மட்டும் வையுங்கள். ஆனாலும் உண்ணி இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. மூச்சைக் கவனியுங்கள், குரலைக் கவனியுங்கள். குரைப்பு கம்மினால் எப்படியாவது அழைத்து வர வேண்டும்.

டிங்கர் குரைக்கவே இல்லை. அடுப்படியில் போர்வை மேல் படுத்து மூச்சு வாங்கியது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினார்கள். கூரையில் மழைச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. 'எலி' என்று சொன்னால் போதும், டிங்கர் எந்தத் தூக்கத்திலும் குரைக்கும். இருவருக்கும் அது தெரியும். இருவரும் சொல்லவில்லை. கம்மிய குரல் வந்துவிட்டால் கிளெம் மறுபடி சாவியை எடுப்பான்.

இருட்டும் முன்பு ரோவீனாதான் துணிந்தாள். "எலி" என்றாள். சத்தம் எழவில்லை. நாயின் காதருகே குனிந்து, "டிங்கர், எலி!" என்றாள்.

நாய் தலையைத் தூக்கியது. காது விறைத்தது. வெண்கலம் மாதிரி கணீரென்று இரண்டு முறை குரைத்தது. கிளெம் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு விம்மினான்.

காலையில் டிங்கர் குடிகாரன் போலத் தள்ளாடி எழுந்து தட்டைத் தேடியது. மழை விட்டிருந்தது. கிளெம் ஓடை வரை நடந்து போய்விட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்தான்.

"தரைப்பாலத்துல நடுப்பாகமே இல்ல, ரோ. மேல தண்ணி ஓடினதால ஒண்ணும் தெரியல. நேத்தே அடிச்சிட்டுப் போயிருக்கணும். நான் நேரா அதுக்குள்ளதான் இறங்கியிருப்பேன்."

அவள் உலர் தீனியை டிங்கரின் தட்டில் கொட்டினாள்.

"நல்லவேளை, தட்டப் பாத்த உடனே ஓடி வந்தே."

அவன் எழுந்து வந்து, இதுவரை கையால் தொடாத காய்கறித் துருவியை எடுத்தான். உலர் தீனியின் மேல் கேரட்டைக் கோணல்மாணலாகத் துருவ ஆரம்பித்தான். ரோவீனாவுக்கு ஓடைத் தண்ணீர்மேல் இருந்த பயம் போய்விட்டது. அந்த இடத்தில் தன்மேலேயே ஒரு பயம் வந்து உட்கார்ந்திருந்தது. சங்கிலி துருப்பிடிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள். 'உடனே இல்ல, கிளெம்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இவ்வளவு போதுமா?" என்று அவன் தட்டைக் காட்டினான்.

"போதும்" என்றாள்.