கேடயத்தின் உள்பக்கம்

என் தொழில் அலுமினிய ஜன்னல். கேடயத்துக்குக் கைப்பிடி செய்வது என் தொழில் இல்லை. தங்கச்சி கேட்டாள் என்பதற்காகப் போன வருஷம் ஒரு தடவை செய்தேன், இந்த வருஷம் இரண்டு தடவை.

அவள் பல்செட் செய்யும் லேபில் இருக்கிறாள். வாரம் முழுக்க மெழுகில் அடுத்தவர் பல்லைச் செதுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பிரம்பு வாளும் கேடயமுமாக ஒரு கிளப்பில் சண்டை போடப் போய்விடுவாள். மூன்று நிமிஷம் ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. முப்பத்துநாலு வயசில் இது தேவையா என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

போன வருஷம் நான் செய்து கொடுத்தது இரும்புப் பிடி. கதவுக்குப் போடுகிற பட்டையை வளைத்து, வெல்டு வைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்.

"கனமா இருக்குண்ணா. மூணாவது சுற்றுல கை தானா கீழ இறங்குது" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். கடையில் இருந்த ஃபிட்டர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது சுற்றில் கேடயம் இறங்கியது. விளிம்பைத் தாண்டி வந்த பிரம்பு, பிடியைப் பற்றியிருந்த இடது கைமேல் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உடைந்தன. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. இன்னொரு தடவை உடைந்தால் விரல் மடங்காது என்றார் டாக்டர். பல் அச்சை அந்தக் கையில் பிடித்துத்தான் அவள் செதுக்க வேண்டும். விரல் போனால் வேலையும் போயிற்று.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னால்தான் உடைந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கிளப் போட்டிக்கு ஒரு மாசம் இருக்கும்போது மறுபடி கடைக்கு வந்தாள்.

"இதை விட்டுத்தான் தொலையேன்" என்றேன்.

"விடமாட்டேன். நீ செஞ்சு தர்றியா, இல்ல வேற ஆளப் பாக்கவா?"

பிடிகொடுக்காமல் பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை. பிடியும், விரலை மூடுகிற கைக்காப்பும் சேர்த்து இருநூறு கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிடிக்கு அலுமினியக் குழாய் எடுத்தேன். காப்பைத் தகட்டில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைத்தேன். பயம் இருக்கிறதே, தகட்டைத் தடிமனாக எடுக்கச் சொன்னது. எட்டு ரிவெட் போதும் என்கிற இடத்தில் பன்னிரண்டு போட்டேன். முடிந்ததும் பார்க்க வந்தவள், லேபில் பொடி நிறுக்கிற தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது. காப்புக்குள் கையை விட்டவள், உடனே வெளியே எடுத்தாள். முட்டியில் கீறி ரத்தம் துளிர்த்திருந்தது.

ரிவெட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் வழவழப்பான தலை, மறுபக்கம் பிதுங்கி நிற்கிற முரட்டு வால். ஜன்னலில் தலை தெருவைப் பார்க்க வேண்டும், வால் சட்டத்துக்குள் ஒளிய வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக என் கைக்கு அதுதான் பழக்கம். யோசிக்காமல் அப்படியே அடித்திருந்தேன். பன்னிரண்டு வாலும் அவள் விரலைப் பார்த்து நின்றன.

"வெளிய அழகாத்தான் இருக்கு. ஆனா உள்ள இருக்கறது நான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் ஃபிட்டர்மேல் காட்டினேன்.

மறுநாள் தன் இடது கையையே பிளாஸ்டரில் வார்த்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். மூடின முஷ்டி. கோணல் விரல் இரண்டும் அதில் அப்படியே இருந்தன. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்தேன்.

நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை அறுத்தேன். வெட்டிய துண்டை ஹீட் கன்னால் இளக்கி, அந்த முஷ்டிமேல் ஃபோம் ஷீட் சுற்றி, அதன்மேல் வைத்து அழுத்தி ஆறவிட்டேன். விரலுக்கும் காப்புக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் விட்டேன். குழாயில் கனம் குறைய நடுவில் மட்டும் துளை போட்டேன், ஓரத்தில் கை வைக்கவில்லை. ரிவெட் ஆறுதான். தலை உள்ளே, வால் வெளியே. பார்க்கச் சகிக்கவில்லை. என் கடையில் இப்படி ஒரு பொருள் வெளியே போனதில்லை. தராசில் நூற்று எண்பத்தாறு.

போட்டிக்கு நானும் போனேன், முதல் தடவையாக. முதல் இரண்டு சுற்றை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவதில் அவள் இடது தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவள் அவளைவிட ஒரு தலை உயரம். கேடயத்துக்கு மேலாகப் பிரம்பை இறக்கப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தாள். கேடயம் இருந்த உயரத்திலேயே இருந்தது. மணி அடித்தது. தங்கச்சி ஒரு புள்ளியில் தோற்றாள்.

அவள் கழற்றி வைத்த கேடயத்தைப் பக்கத்தில் நின்ற ஒருவர் திருப்பிப் பார்த்தார். "இது யாரு செஞ்சது? ரிவெட்டெல்லாம் தலைகீழா அடிச்சிருக்கான்."

"நான்தான். தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றேன். அவர் நகர்ந்துவிட்டார்.

காப்பை விரலால் தடவினேன். நீல பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன தேடற?" என்றாள் தங்கச்சி.

"அடி எங்க விழுந்துச்சுன்னு."

"விழல. கை இறங்கினாத்தான விழும்."

கையுறையைக் கழற்றி, கோணல் விரல் இரண்டையும் என் முகத்துக்கு நேராக மடக்கி மடக்கிக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"போன வருஷம் நீ சரியாத்தான் சொன்ன. கூடம்தான் கோணல்."

அவள் சிரிக்கவில்லை. "தெரியும்ணா. நீ சொல்லணும்னுதான் நான் வேற ஆளப் பாக்கல" என்றாள். கேடயத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.