ஆறாம் கிழமையில் வந்த தோடம்பழத் தோல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. இரண்டு ஞாயிறுகளுக்கு முன், பகல் பதினொரு மணி. மொன்றியலில், சென்ட் லோரன்டில் என் வீட்டில் இருந்து வாரப் பத்திரிகைத் தொடருக்கு ஏழாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். தொடரின் பெயர் 'முதுகுப்பையோடு லிமா'. நானும் நண்பன் கீர்த்திகனும் தென்னமெரிக்கா போய் ஊர் சுற்றிய கதை. சிரிக்க வைக்கிற தொடர். தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கிற பத்திரிகை என்பதால், முருங்கைக்காயோடும் கறிவேப்பிலையோடும் சேர்ந்து எல்லா வீடுகளுக்கும் போய்விடும்.

அழைத்தவர் தாட்சாயினி. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்பவர். கோயிலில் கண்டால் தலையசைப்போம். அவ்வளவுதான் பழக்கம்.

"அண்ணை, ஆறாம் கிழமை எழுதினதில ஒருத்தர் தோடம்பழம் உரிக்கிறாரெல்லோ. தோல் அறாமல் ஒரே சுருளா உரிச்சு, யன்னல் ஆணியில கொழுவுவார் எண்டு. அவற்ற பேர் என்ன?"

"ரமணன் எண்டு போட்டிருந்தனான்."

"போட்டது தெரியும். பேர் என்ன?"

எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"சரி, அதை விடுங்கோ. அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல் மாறுமோ?"

2

இதற்கு நான் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'லிமாவின் வானம் கழுதை வயிற்றின் நிறம் என்று அந்த ஊர்க்காரரே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்காக மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு சாம்பல் நிற…' (வேண்டாம். வானத்தைக் காட்டிக்கொண்டே ஒரு மனிதனைத் தள்ளிப்போடுகிறேன்.)

இரண்டாவது: 'நாற்பத்திரண்டு வயதில், பத்துப் பேர் படுக்கும் விடுதி அறையில், மேல்கட்டிலுக்கு ஏறும்போது கீர்த்திகனின் முழங்கால் போட்ட சத்தத்தில் ஒரு ஜெர்மன் பெட்டை எழும்பிவிட்டாள்.' இது அச்சில் வந்தது. நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள்.

மூன்றாவது, நான் எழுதாமல் விட்டது: கீர்த்திகன் அந்த நகரத்துக்குப் போனது இரண்டாம் தரம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் அவனைக் கனடாவுக்குக் கொண்டுவரும் வழியில் லிமாவில் ஒரு மாடி அறையில் ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்தான். அறையில் ஏழு பேர். யன்னலில் தெரிந்தது ஒரு குன்று. குன்றின் உச்சியில் பெரிய சிலுவை. அந்த மாநகரத்தில் அவன் கண்டது அதைத்தான்.

"ஐஞ்சு மாசம் இருந்த ஊர் மச்சான், ஒரு றோட்டும் தெரியாது. கனடாப் பாஸ்போட்டோட போய் ராசா மாதிரி நடக்கவேணும்" என்றான்.

எனக்கு ஒரு தொடர் தேவைப்பட்டது. ஓம் என்றேன்.

3

முதல் மூன்று நாளும் ராசா மாதிரித்தான் நடந்தோம். கடலை ஒட்டிய செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்று படம் எடுத்தோம். வாசலில் தொங்கியபடி தெருப் பெயர்களை ஏலம் போடும் நடத்துநர்களின் சிற்றூர்திகளில், எங்கே போகிறதென்று தெரியாமலே ஏறினோம். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டுத் தந்தார்கள்.

"சமைக்கப் பஞ்சிப்பட்ட சனம் மச்சான்," என்றான் கீர்த்திகன். "எங்கட ஆக்கள் கண்டால் அடுப்பில வைச்சுத் தாங்கோ எண்டுவினம்."

ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் நின்று பெருவிரலை நீட்டி, தூரத்தில் தெரிந்த குன்றின் சிலுவையை அளந்தான். அறை யன்னலில் அது சரியாகப் பெருவிரல் உயரம் இருந்ததாம். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்பான். நடப்போம். நான்காம் நாள் பெருவிரல் சரியாகப் பொருந்தியது. நாங்கள் நின்ற தெருவில் அந்த வீடு இருந்தது.

(அந்த வீடு இப்போது முதுகுப்பைக்காரர் தங்கும் விடுதியாகிவிட்டது என்று ஆறாம் அத்தியாயத்தில் எழுதினேன். பொய். கீழே கார் ரயர் கடை. மேலே பூட்டு.)

பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கீர்த்திகன் பேசத் தொடங்கினான்.

"றஜிந்தன் எண்டு ஒருத்தன் எங்களோட இருந்தவன். மனிசி மொன்றியலில. தகப்பன்ர ஸ்பொன்சரில அவ முதலே வந்திட்டா. எந்த நேரமும் அவவின்ர கதைதான், தோடம்பழம் உரிக்கேக்கையும். அண்டைக்குப் பயணத்துக்கு ஏஜென்சி கூப்பிட்டது அவன்ர பேரை. காய்ச்சல், எழும்பேலாது. 'ஆர் வாறீங்கள்?' எண்டான். நான் கையை உயர்த்தினன்."

"பேந்து?"

"பேந்தென்ன. மெக்சிகோவில நிண்டு அவன்ர மனிசிக்குப் போன் எடுத்தன். அடுத்த ட்ரிப்பில வருவார் எண்டன்."

எதிரே, தள்ளுவண்டியில் மூலிகைத் தேநீர் விற்கும் ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைபேசியை மொழிபெயர்க்க விட்டுக் கேட்டேன். அந்த மாடியில் இருந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவன் செத்தான், நகரசபை வண்டி வந்து எடுத்தது, மெலிந்த ஆள் என்றாள்.

"ஏழு பேரும் மெலிவுதான்" என்றான் கீர்த்திகன்.

சாவு பதியும் கந்தோருக்கு நாளைக்குப் போவோம் என்றேன்.

"வேண்டாம் மச்சான். போய்ப் பாத்தால் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் நான் வந்து சொல்லவேணும்."

நாங்கள் சாப்பிடப் போனோம். அன்றைக்கு எடுத்த படத்தில்தான் அவன் நன்றாகச் சிரிக்கிறான். பத்திரிகையில் தொடருக்கு மேலே ஒவ்வொரு கிழமையும் வந்தது அந்தப் படம்தான்.

4

கீர்த்திகனை ஒரு பாத்திரமாக எனக்குப் பிடிக்கவில்லை. கோழையை வாசகர் நம்புவார்கள். கோழைக்குப் பக்கத்தில் பேனையோடு நின்றவனைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். அந்த வசதியில்தான் ஆறு கிழமை ஓடியது.

ஆறாம் அத்தியாயம் வந்த அன்று அவன் அழைத்தான்.

"எழுதமாட்டன் எண்டு சொன்னனியெல்லோ."

"பேரை மாத்தினனான்."

"தோடம்பழத்தை மாத்தினியோ?"

பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை.*

* பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடும் என்பது எங்கள் தொழிலின் மூடநம்பிக்கை. மனிசிமார் புருசன்மாரைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை.

பத்திரிகை ஆசிரியர் சிவராசா மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "அண்ணை, அந்தக் காய்ச்சல்காரனைக் கொஞ்சம் இழுங்கோ. சனம் கேக்குது."

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று, ரமணன் பிழைக்கிறான். தேநீர்க்காரி கசாயம் கொடுக்கிறாள். அவன் அங்கேயே கடை போட்டு… (சிவராசா கட்டிப்பிடிப்பார்.)

இரண்டு, சாகிறான்.

மூன்று, என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. இதை எழுதினால் இலக்கியம் என்பார்கள். தாட்சாயினி பன்னிரண்டு வருடமாக இந்த முடிவுக்குள் குடியிருக்கிறார்.

இரண்டாம் ஞாயிறும் அழைத்தார். "கோயில்ல ஒவ்வொரு வெள்ளியும் அவற்ற பேர், நட்சத்திரம் சொல்லி அருச்சினை செய்யிறன், அண்ணை. அது உயிரோட இருக்கிற ஆளுக்குச் செய்யிறது. இல்லையெண்டால் ஒரு திகதி தாங்கோ. ஐயர் அதில திதி எடுப்பார். திவசம் குடுக்கலாம். ரெண்டில ஒண்டை நான் செய்யவேணும். ரெண்டுக்கும் நடுவில நிண்டு எனக்குக் கால் நோகுது."

6

முதல் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். காய்ச்சல் மாறுமோ என்று கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். இருபது வருடமாகத் தொடர் எழுதும் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அடுத்த கிழமை வாசிச்சுப் பாருங்கோ."

மூன்றாம் பகுதியிலும் ஒன்றை விட்டுவிட்டேன். லிமாவில் கடைசி நாள் காலை, கீர்த்திகன் குளித்துக்கொண்டிருந்தபோது நான் தனியே அந்தக் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நின்றேன். தெருப் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் பேரேட்டில் ஒரு வரியைக் காட்டினார். பெயர் இல்லை. ஆண். ஆசியர். வயது சுமார் முப்பது. அந்தத் தெரு, அந்த வீட்டு இலக்கம். ஒரு திகதி. கீர்த்திகன் புறப்பட்ட மூன்றாம் நாள். அவன் மெக்சிகோவில் இருந்து போன் எடுப்பதற்கு முந்தைய கிழமை.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மொன்றியலுக்கு வந்த அன்றே அந்த மனிசி யாரென்று தேடியிருக்கலாம். தேடவில்லை. ஆறாம் கிழமையில் ஆள் செத்தால் பன்னிரண்டாம் கிழமை வரை எதை வைத்து இழுப்பது? (இந்த வாக்கியத்தை மூன்று தரம் வெட்டினேன். இனி வெட்டமாட்டேன்.)

7

இன்று மூன்றாம் ஞாயிறு. சிவராசாவுக்கு, இரண்டு கிழமையாகப் பிந்திய ஏழாம் அத்தியாயம் இனி வராது என்று அறிவித்துவிட்டேன். "முடிவில்லாமல் எப்பிடி அண்ணை?" என்று ஏசினார். கீர்த்திகனுக்கு, நான் போறன், நீயும் வா என்று செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று கைபேசி காட்டியது. வரவில்லை.

தாட்சாயினியின் வீடு அஹுன்ட்சிக்கில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தார். நெற்றியில் பொட்டு. என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனேன்.

"பொறுங்கோ அண்ணை. இப்ப சொல்லாதேங்கோ. முதல் இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

குசினிக்குள் போய்விட்டார்.

இந்த முடிவை உங்களுக்குத் தர முடியாது. திகதி என் சட்டைப் பையில் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வாசகர்தான். மற்றவர்கள் என்னைப் போல ஆவலோடு காத்திருந்தவர்கள், அவ்வளவுதான்.

கேத்தில் கொதித்து அடங்கி நேரமாகிவிட்டது. உள்ளே கோப்பைச் சத்தம் கூட இல்லை. நான் கூப்பிடவில்லை. எப்போது என்று இம்முறை அவர்தான் சொல்லவேண்டும்.