வீட்டுக்காரர் பேர்

மலாயாவில் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த இராமலிங்கம், ஐம்பத்தோராவது வயதில் வேலையை விட்டுவிட்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மாடு வாங்கிக் கட்டினார். கிள்ளான் வட்டாரத்துக் கிராணிமார்களுக்கு ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை. ஓய்வு பெற நாலே வருடம் பாக்கி. அதுவரை மேசையில் முழங்கையை ஊன்றிச் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், கம்பெனி மாலை போட்டு, கையில் ஒரு தொகையும் கொடுத்து அனுப்பும். அதை உதறிவிட்டுச் சாணி அள்ளப் போனவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். சும்மா உட்கார்வதைப் பற்றிப் பேசிய இந்த மகானுபாவர்கள் அந்த நாற்காலியில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து வாரம் தவறாமல் கடிதம் வரும். இத்தனை ஆளைக் குறை என்று இருக்கும். குறைப்பது என்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவது. எத்தனை பேர் என்பதைத் தலைமை ஆபீஸ் எழுதும். யார் யார் என்பதை இராமலிங்கம் எழுத வேண்டும். பட்டியல் ஆயிற்றா என்று தோட்டத்து மானேஜர் துரை தன் அறையிலிருந்து மணியடித்துக்கொண்டே இருப்பார். துரை பொல்லாதவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் மணியடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இருபது வருடம் தெரிந்த முகங்கள். யாரை எழுதினாலும் பாவம், யாரை விட்டாலும் ஓரவஞ்சனை. சோற்றில் கை வைத்தால் பெயர்கள் வந்து வரிசையாக நின்றன. ஒரு பெயரை எழுதுவார், அடிப்பார், மறுபடியும் அதையே எழுதுவார். 

ஒரு செவ்வாய்க்கிழமை பெண்களின் முறை வந்தது. கணவன்மார் ஏற்கெனவே கப்பலேறிப் போயிருந்தால், பின்தங்கிய பெண்டு பிள்ளைகளை அடுத்த கப்பலில் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அது யார் யார் என்று பிரிக்க, தோட்டத்துப் பெண்கள் எல்லோரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, பேரும் வீட்டுக்காரர் பேரும் கேட்டு எழுதினார்.

கேட்டால் சொல்லிவிடுவார்களா? வீட்டுக்காரர் பேரை வாய்விட்டுச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும். பழனியில் நிற்கிற சாமி பேரு என்பாள் ஒருத்தி. வில்லை ஒடிச்சவரு பேரு என்பாள் இன்னொருத்தி. இந்த விடுகதைகளை அவிழ்ப்பதில் இராமலிங்கம் சூரர், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் மனைவி இராஜம்மா மட்டும் என்ன? முப்பது வருடமாக அவளுக்கு அவர் 'எங்க கிராணியாரு'. யாராவது விடாமல் கேட்டால் 'ராமேஸ்வரத்துச் சாமி பேரு' என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

வரிசையில் அஞ்சலை வந்தாள். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம்தான், இராமலிங்கத்துக்குப் பழகாத முகம். வீட்டுக்காரர் பேர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "நாகூராரு பேருங்கய்யா" என்றாள்.

உள்ளே மணி அடித்தது. இராமலிங்கம் 'நாகூரான்' என்று எழுதினார். நாகூரான் முதல் கப்பலிலேயே போய்விட்ட ஆள். அடுத்தவளைக் கூப்பிட்டார்.

நாகூர் தர்காவில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு நாகூரான் என்றும் பேர் வைப்பார்கள், பக்கிரிசாமி என்றும் வைப்பார்கள். நாகப்பட்டினம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் இரண்டும் உண்டு. இது இராமலிங்கத்துக்குத் தெரியாததா? தெரியும். பேரே நாகூரானாக இருந்தால் அந்தச் சொல்லை அவள் வாயில் எடுத்திருக்கவே மாட்டாள் என்பதும் தெரியும். பேரேட்டைப் புரட்டியிருந்தால் நாகூரான் பெண்டாட்டி செத்துப் போன கிழவன் என்பதும் தெரிந்திருக்கும். அஞ்சலையின் வீட்டுக்காரன் பக்கிரிசாமி. காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாளாகக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

வெள்ளிக்கிழமை லோரி வந்தது. கூட வந்த கப்பல் ஏஜெண்டுக்குத் தோட்டத்தில் யாரையும் தெரியாது. கையிலிருந்த தாளைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் முன்னாலேயே போயாச்சு, ஏறு என்றான். ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்விட்டார்களா என்று அஞ்சலை கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்றான் அவன். நோயாளிகளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கப்பலேற்றுவது அப்போது நடந்த சங்கதிதான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களும் நம்பினார்கள். புருஷனைத் தேடி அந்தப் பெண் ஓடி ஏறினாள் என்று பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை பக்கிரிசாமி ஆஸ்பத்திரிச் சீட்டோடு திரும்பி வந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. நேரே ஆபீசுக்கு வந்து, சங்கதியைக் கேட்டுக்கொண்டு, மேசைக்கு எதிரே நின்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இராமலிங்கத்துக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"எம் பேரை அவ சொல்ல மாட்டாளுங்கய்யா" என்றான். "நான் நல்லா இருக்கணும்னுதானே சொல்லல."

கப்பல் சனிக்கிழமையே போய்விட்டது. இராமலிங்கம் துரையிடம் மன்றாடி, மூன்று வாரம் கழித்துப் போன கப்பலில் அவனுக்கு இடம் வாங்கினார். தாமே துறைமுகம் வரை போய் ஏற்றிவிட்டார். அஞ்சலையின் ஊருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

துரை அவரைத் தேற்றினார். எண்பது பெயரில் ஒரு பெயர்தானே தவறியது, வேறு எந்தக் கிராணியாக இருந்தாலும் பத்துத் தவறியிருக்கும் என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டபோதுதான் இனி இந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று இராமலிங்கத்துக்கு நிச்சயமாயிற்று. அன்றைக்கே விலகல் கடிதம் எழுதினார். அதில் அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

இராஜம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. தப்பு செய்யாத மனுஷர் யார், அதற்காக யாராவது உத்தியோகத்தை விடுவார்களா என்று ஒரு முறை கேட்டாள்.  கண்ணாடி ஜன்னல் வைத்த குவார்ட்டர்ஸை விட்டு, ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் ஆற்றோரத்து அத்தாப்பு ஓலைக் குடிசைக்கு வந்தாள். கிராணியார் வீட்டு அம்மா பால்காரர் வீட்டு அம்மா ஆனாள். 'எங்க கிராணியாரு' என்று சொல்ல வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொள்வாள். 'எங்க பால்காரரு' என்று சொல்ல நாக்கு வரவில்லை. தண்ணி காட்டியாச்சா, சோறு ஆறுது என்பதற்கு மேல் இருவருக்கும் நடுவே பேச்சில்லை.

இராமலிங்கத்துக்கு வேலை பழக நாளாயிற்று. மாடு உதைத்தது, முதுகு வலித்தது, தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் கூச்சமாகவும் இருந்தது. ஆனால் விடிகாலையில் கறந்து, ரயில்வேக்காரர் வீடுகளில் ஊற்றிவிட்டு வந்தால் அன்றைய பாடு முடிந்தது. இரவில் தூக்கம் வந்தது. அஞ்சலையை மறந்தார் என்று சொல்லவில்லை. அவள் தினமும் நினைவில் வந்தாள், தனியாக வந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசை நிற்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் காலை, சுகாதார ஆபீஸ் கிராணி ஒருவன் பால் லைசென்சுக்காக வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்தான். இராமலிங்கம் அப்போதுதான் காலிப் பாத்திரத்தோடு பின்பக்கமாக வந்து கொட்டகைக்குள் நுழைந்தார். தட்டிக்கு அந்தப் புறம் பேச்சு கேட்டது. மாடு எத்தனை, கறவை எத்தனை என்று அவன் அவசரமாகக் கேட்டான். இராஜம்மா சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

 இராமலிங்கம் முன்னால் போய்த் தாமே சொல்லிவிட நினைத்தார், அதற்குள் அவள் வாய் திறந்துவிட்டாள்.

"ராமேஸ்வரத்துச் சாமி பேரு" என்றாள் இராஜம்மா.

"ராமநாதன்" என்று சொல்லிக்கொண்டே அவன் எழுதத் தொடங்கினான்.

"இல்ல தம்பி, நிறுத்துங்க. எழுதாதீங்க."

அவன் நிறுத்தினான். 

"இராமலிங்கம்" என்றாள். "எழுதிட்டீங்களா? இராமலிங்கம். படிச்சுக் காட்டுங்க."

அவன் படித்துக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். முப்பது வருட வாழ்வில் தம் பெயரை அவள் குரலில் இராமலிங்கம் கேட்டது அன்றைக்குத்தான். தட்டியைத் தாண்டி வந்தார். இராஜம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"வேற யாரோ பேரை எழுதிட்டுப் போயிட்டா, அப்புறம் உங்களை நான் எங்கே போய்த் தேடறது?" என்றாள்.

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்.