செவ்வாய்க் கடலை வாசித்த குரல்

எபனேசருக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அது அவருடைய குரல். உப்புக் கம்பெனியில் குமாஸ்தா வேலை, முத்தையாபுரத்தில் வாடகை வீடு, வாயைத் திறந்தாலே அடக்கிவிடும் மனைவி. இதில் எதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துவது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிளை எடுத்து வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால், இருமுகிறவன்கூட இருமலை விழுங்கிக்கொள்வான்.

அந்தக் குரலுக்கு இன்னொரு ரசிகர் செல்வதுரை. நாசரேத் பள்ளிக்கூடத்தில் எபனேசருக்கு மூத்தவர்; இப்போது தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி நடத்திக் கொழுத்தவர். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. கண் போனபிறகு அவருக்குப் பிடித்ததெல்லாம் இந்த உலகத்தில் நடக்காத கதைகள்தான்: பறக்கும் கப்பல், மாயக்காரிகள், வேற்றுக் கிரகத்து ஜனங்கள். பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து அலமாரி நிறைய வைத்திருந்தார். வருஷக்கணக்காக எபனேசர் வேலை முடிந்து நேரே அங்கே போய், அரக்கனுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல் என்று வாசித்துக்கொண்டிருந்தார். "நீ வாசிச்சா கண்ணு திரும்ப வந்த மாதிரி இருக்குல" என்று அண்ணாச்சி சொல்வதைக் கேட்டபிறகுதான் பஸ் ஏறுவார். வயிற்றுக்கு அதுவே போதும்.

எழுபத்தாறாம் வருஷம், செல்வதுரை கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்திருந்த ஹென்றி சிங்கப்பூரிலிருந்து ஒரு கேசட் ரெக்கார்டரும் சில வெற்றுக் கேசட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தான். வந்தது வினை. கதையைப் பதிந்து வைத்துக்கொண்டால் நினைத்த நேரம் கேட்கலாமே என்று செல்வதுரைக்கு ஆசை பிறந்தது. கேசட் லேசில் கிடைக்காத காலம். ஆகவே எந்தக் கதையைப் பதிவது, யார் வாயால் பதிவது என்று பெண் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார். கதை சீக்கிரம் முடிவாயிற்று. செவ்வாயில் வற்றிப்போன கடலுக்குள் முத்துக் குளிக்கப் போகிறவர்களிடம் சிப்பிகள் பேசுகிற கதை. எபனேசர் இருக்கும்போது குரலுக்கு என்ன யோசனை? ஆனால் ஹென்றி, தன் தங்கை பிளாரன்சும் நன்றாக வாசிப்பாள் என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தான். இரண்டு பேரும் ஒரே பக்கத்தை வாசிக்கட்டும், கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் செல்வதுரை. எபனேசருக்குச் சுருக்கென்றது, காட்டிக்கொள்ளவில்லை.

தேய்த்த வெள்ளைச் சட்டையோடு போனார். ஹென்றி மைக்கை முன்னால் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினான். அறை அடங்கியது. மனுஷன் கவிழ்ந்தது அங்கேதான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு தம் வாய்க்காகக் காத்திருப்பது அவருக்குக் கோயிலில் மட்டும்தான் பழக்கம். கதை வாசித்த குரல் எங்கோ ஓடிப்போக, வேதபாடக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. பேசும் சிப்பிகள் தீர்க்கதரிசிகளாக முழங்கின. பக்கம் முடிந்ததும், கோயிலில் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிய பழக்கத்தில், புத்தகத்தை மூடி, "இத்துடன் முதலாம் பாடம் முடிந்தது" என்றார்.

ஹென்றி வெடித்துச் சிரித்தான். செல்வதுரை கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அதைத் திரும்பப் போடச் சொன்னார். தம் குரலை எபனேசர் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மூக்கால் இழுக்கிற, ஈரப்பசையே இல்லாத ஒரு கிழக்குரல். இது நானில்லை, மெஷின் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அங்கே வேறு யாருமே ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

அடுத்து பிளாரன்ஸ். அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். சிப்பி வாய்திறக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், அவ்வளவுதான். எபனேசருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

செல்வதுரை அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு எபனேசர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கண்ணு அவிஞ்சவன்தானே, எத வாசிச்சாலும் கேப்பான்னு நெனச்சிட்டியோல?"

எபனேசர் தாம் வாசித்ததையாவது அழித்துவிடும்படி கெஞ்சினார். செல்வதுரை அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பியோடு அதையும் பரிமாறினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த ஞாயிறு எபனேசர் கோயிலில் பாடம் வாசித்து, முடிக்கும் வாக்கியத்தைச் சொன்னபோது, பின் பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு முன் பெஞ்சுவரை வந்தது. போதகர் வீட்டுக்கே வந்து, கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிளாரன்ஸ் கதை முழுவதையும் பதிந்து முடித்த பிறகு ஒரு நாள் செல்வதுரை ஆள் அனுப்பினார். போகவே கூடாது என்றுதான் எபனேசர் நினைத்தார். மானங்கெட்ட கால் கேட்டால்தானே? திரும்ப வாசிக்கச் சொல்வாரோ என்ற நப்பாசை வழியெல்லாம் கூடவே வந்தது.

"ஒரு பக்கம் முடிஞ்சா கேசட்டத் திருப்பிப் போடணும். எனக்குத் தடவுனா ஆப்புட மாட்டேங்கு" என்றார் செல்வதுரை. "சாயங்காலம் நீ சும்மாத்தான இருக்க?"

சரி அண்ணாச்சி என்று எபனேசர் கேசட்டைப் போட்டுவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாரன்சின் குரலில் செவ்வாய்க் கடல் விரிந்தது. மனதில் இருந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சிப்பிகள் பேசப்போகிற இடத்தில் தம்மை மறந்து முன்னால் குனிந்தார்.

செல்வதுரை கையை உயர்த்தினார்.

"ஏலே, நீ மூச்சு விடுத சத்தம் குறுக்க வருது. கதவச் சாத்திட்டு வெளிய நில்லு. முடிஞ்சதும் கூப்பிடுதேன்."

எபனேசர் வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.