முதலிடத்துக் கட்டடம்

மாதக் கூட்டத்தில் வேகத்தையும் செலவையும் வைத்துப் போட்ட வரிசையில் தாமல் சைட் மறுபடியும் கடைசி. கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடங்களில் அதற்குச் சங்கீதாதான் இன்ஜினியர்.

"வாலாஜாபாத்துல யுவன் மூணாவது மாடிக்குப் போயிட்டான். அதே பிளான், அதே ஆளுங்க. உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார் மேனேஜர் பரசுராமன்.

"அங்க கட்டாந்தரை சார். எனக்கு ஏரிக்கரை. கடைக்கால் தோண்டத் தோண்டத் தண்ணி ஊறிக்கினே இருந்துச்சு. ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சுப் பாக்கறீங்க?"

"ஹெட் ஆபீஸ் மண்ணையா பாக்குது? நம்பரைத்தான் பாக்குது."

பிள்ளையார்பாளையத்து வீட்டில் அன்று இரவு தாமல் பிளானை மறுபடியும் பிரித்து வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே தனக்குத்தான் வேலை தெரியவில்லையோ? மறுநாள் கற்றுக்கொள்ளலாம் என்றே வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினாள்.

யுவன் சிரித்த முகமாய்ச் சுற்றிக் காட்டினான். இரண்டாவது மாடித் தளத்துக்குக் கீழே நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். கான்கிரீட்டில் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளைக் கழற்றி மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யுவன், இது இன்னும் இறுகலையே!"

"தெரியும்க்கா. புது முட்டு எடுத்தா செலவுல பின்னால போயிடுவேன். காத்துக்கினு இருந்தா வேகத்துல பின்னால போயிடுவேன். நீயே சொல்லு, என்ன பண்றது?" அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது.

அங்கிருந்தே பரசுராமனுக்குப் போன் செய்தாள். "உன் சைட்டைப் பாரும்மா" என்று வைத்துவிட்டார். யுவனிடம் கெஞ்சினாள். சாயங்காலம் முட்டுகளைத் திருப்பி நிறுத்துவதாகச் சொன்னான். செய்யமாட்டான் என்று தோன்றியும் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரமே தளத்தின் ஒரு மூலை சரிந்தது. கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த சித்தாள் பூவம்மாளின் கால் நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரையே வெறித்துக்கொண்டிருந்த யுவனுக்குப் பக்கத்தில் சங்கீதா உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டத்திலும் வாலாஜாபாத்தே முதலிடம். விபத்து பாதுகாப்புப் பிரிவின் கணக்காம். இடித்துக் கட்டுவது பராமரிப்பில் போகுமாம்; இரண்டும் சைட்டின் நம்பரில் சேராதாம்.

"தாமல்லயும் சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கணும்" என்றார் பரசுராமன்.

"மாட்டேன் சார். என்னைக் கடைசியிலயே போட்டுக்குங்க. ஆனா பூவம்மாளை எந்தக் கணக்குல சேர்த்தீங்கன்னு ஹெட் ஆபீஸைக் கேக்கப்போறேன்."

கேட்டாள். பதில் வரவில்லை. அவளைக் குடோனுக்கு மாற்றிய உத்தரவுதான் வந்தது.

தாமலில் அவள் பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்த இளைஞன் தளத்தை அண்ணாந்து பார்த்தபடி முதலில் கேட்டதே, "சென்ட்ரிங் எப்போ மேடம் பிரிக்கலாம்?"

"இன்னும் ரெண்டு வாரம் கைய வைக்காதப்பா."

சரியென்று தலையாட்டினான். அவன் போன் அடித்தது. திரையில் பரசுராமன் பெயர்.